பர்மா டீமுக்கு நான் போட்ட மார்க்கு

அன்று காலையிலிருந்தே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கார்த்திகை மாதம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர். தெருக்கோடியில் இருந்த சாயப்பட்டறையிலிருந்து வழிந்த அரக்குச் சாயம் அதில் கலந்து, தெருவின் ஒரு ஓரம் மட்டும் சிவப்பாக ஓடியது.

நான் கதவை ஒட்டி உள்பக்கம் உட்கார்ந்து ராட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். பட்டு நூலைப் பிரித்துச் சின்னச் சின்னக் குழல்களில் சுற்றித் தரவேண்டும். தறிக்காரர்கள் வாங்கிப் போய் நெய்வார்கள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த வேலை அதுதான். வெளிச்சத்துக்காக வாசலோரம் உட்காருவேன். மற்றபடி தெருவைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் கிடையாது.

எதிர்ச்சாரியில் ரஹீம் பாயின் சைக்கிள் கடை. வாடகைக்கு எடுத்துப் போனவர்களின் பெயரும் நேரமும் எழுத ஒரு தகரப் பலகைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டியிருந்தார். மழை நாளில் யார் சைக்கிள் எடுப்பார்கள்? பலகை காலியாக இருந்தது. அதில் கன்னியப்பன் சாக்பீஸால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

கன்னியப்பன் சாயப்பட்டறையில் வேலை செய்தவன். இருபத்திரண்டு வயது இருக்கும். வேகவதி ஆற்று மணலில் மாலை நேரம் பந்து உதைக்கிற கூட்டத்துக்கு அவன்தான் கேப்டன். அவன் இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் எந்த நாளும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். அன்றைக்கு அரக்கு.

"கொரியாவுக்கு எவ்ளோ போடறது பாய்?"

"எட்டு போடு. ஓடினே இருப்பானுங்க, நிக்க மாட்டானுங்க."

"ஜப்பானு? மெக்சிகோல ஒலிம்பிக்ல மெடல் வாங்கினு வந்தவனுங்க."

"அப்பொ அதுக்கும் எட்டு."

"பர்மா?"

என் கை நின்றது. ராட்டை தானாக ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

"பர்மாக்காரன்லாம் குள்ளம்பா," என்றார் ரஹீம் பாய். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக்கொண்டே சொன்னார். "மேல வர்ற பந்தைத் தொடவே மாட்டான். போன தபா ஏதோ அதிர்ஷ்டம், ஜெயிச்சிட்டான். அஞ்சு போடு, அதுவே ஜாஸ்தி."

கன்னியப்பன் அஞ்சு போட்டான்.

பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கப் போகிறது என்பதும், அதில் கால்பந்துக்கு வருகிற டீம்களுக்கு இவர்கள் பத்துக்கு இவ்வளவு என்று மார்க்கு போடுகிறார்கள் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்கு முன்பு ஆறு வருடமாக நான் 'பர்மா' என்ற சொல்லை யார் வாயிலும் நல்லபடியாகக் கேட்டதில்லை. தெருவில் எனக்கே அதுதான் பெயர். குழாயடியில், "பர்மாக்காரி வர்றா, குடத்தை நவுத்து" என்பார்கள். அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. செண்பகம் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ரங்கூனில் ஒரு தையற்கடை

கப்பலில் வந்த கதையை இந்தத் தொடரில் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். படித்தவர்களுக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்வதற்கு மன்னிக்கவேண்டும். இந்த அத்தியாயத்துக்கு அது கொஞ்சம் தேவைப்படுகிறது.

அப்பா காஞ்சிபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே ரங்கூனுக்குப் போய்த் தையல் கற்று, கடை போட்டவர். நானும் அண்ணனும் அங்கேயே பிறந்தோம். அம்மா அங்கேயே இறந்தாள். அண்ணனுக்கு அப்பா தன் ஊர்ச் சாமியின் பெயரை வைத்தார், ஏகாம்பரம் என்று. ஊரைப் பார்க்காமலே ஊர்ப் பெயரைச் சுமந்தான் அவன்.

எங்கள் கடையில் பந்து விளையாடுகிறவர்களுக்குச் சட்டை தைப்போம். துறைமுக டீம், ரயில்வே டீம், மரக் கம்பெனி டீம் என்று ஏகப்பட்ட டீம்கள். முதுகில் எண் வைத்துத் தைப்பது என் வேலை. ஏழு என்ற எண்ணை நேராக வைத்துத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

அண்ணன் துறைமுக டீமில் ஆடினான். இடது கால்காரன். அவனுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகிற சாக்கில் நான் ஸ்டேடியத்துக்குப் போவேன். அங்கே பெண்கள் ஆட்டம் பார்க்கப் போவதை யாரும் ஒரு விஷயமாக நினைக்க மாட்டார்கள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்த சாந்தைப் பூசிக்கொண்டு, கையில் பொரித்த பட்டாணிப் பொட்டலத்தோடு, கிழவிகள்கூட வந்து உட்கார்ந்து நடுவரைத் திட்டுவார்கள். கொரியாவிலிருந்து, இந்தோனேசியாவிலிருந்து வந்த டீம்களை எல்லாம் நான் அங்கே பார்த்திருக்கிறேன். பந்து எங்கே போகப்போகிறது என்று ஆட்டக்காரனின் இடுப்பைப் பார்த்துச் சொல்ல அண்ணன் கற்றுக்கொடுத்தான். "காலைப் பாக்காத செண்பா. காலு பொய் சொல்லும்" என்பான்.

அப்புறம் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நம்மவர்கள் கப்பல் கப்பலாகக் கிளம்பினார்கள். எங்கள் முறையும் வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணன் என்னைக் கொல்லைப்புறம் கூப்பிட்டுச் சொன்னான்.

"நான் வரல செண்பா. அப்பா ஊரு ஊருங்கிறாரு. எனக்கு ஊரு இதான். பேரை மாத்திக்கினு இங்கயே இருந்துடுவேன். என்னைக்காவது பர்மா டீமுக்கு ஆடுவேன்."

"அப்பாகிட்ட சொல்லு."

"சொன்னா அவரும் கப்பல் ஏற மாட்டாரு. ஏறலைன்னா இங்க எதை வெச்சுப் பொழைப்பாரு? நீ சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. மறுநாள் துறைமுகத்துக்கு அவனும் வந்தான். அப்பாவின் தையல் மிஷினைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். மிஷினைக் கப்பலில் ஏற்ற அதிகாரிகள் விடவில்லை. "வீட்ல வெச்சிட்டு ஓடி வந்துடறேன்ப்பா" என்று திரும்பிப் போனான். அப்பா கப்பலின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கப்பல் கிளம்பிவிட்டது.

காஞ்சிபுரம் வந்த முதல் வருடத்தில் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் கொடுத்ததை அப்பா வாங்கிப் பார்த்தார். பிரிக்கவில்லை. "இவன் எங்களுக்கு யாரும் இல்லப்பா. எடுத்துக்கினு போயிடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் பெயரை யாரும் சொல்வதும் நின்றுபோனது.

அந்தப் பெயர் ஊரெல்லாம் இருந்தது. கோயில் பெயர், கடைப் பெயர், தெருவில் பாதிப் பேரின் பெயர். எங்கள் இரண்டு அறையில் மட்டும் இல்லை.

நூல் சுற்றும்போது வாய்க்குள் பர்மிய பாஷையில் எண்ணுவேன். தித், ஹ்னித், தோன், லே. பேச ஆள் இல்லாத பாஷையை வேறு எதற்குப் பயன்படுத்துவது?

தெருவைத் தாண்டினேன்

பலகையில் அஞ்சு எழுதியதைப் பார்த்த அன்று நான் ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. மூன்றாம் நாள் மழை ஓய்ந்திருந்தது. ரஹீம் பாய் வாடகைக் கணக்கைப் பலகையின் மேல் பாதியில் எழுதி, கீழ்ப் பாதியை டீம்களுக்கு விட்டிருந்தார். கன்னியப்பன் வந்து இன்னும் இரண்டு பேரிடம் பர்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஹெட்டிங் தெரியாது, கோலுக்குப் பக்கத்தில் போய் பயந்துவிடுவார்கள், இப்படியெல்லாம்.

நான் ராட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றைத் தாண்டிப் போனேன். கடைக்கு முன்னால் நின்றதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எதற்கு வந்தாள் என்று யோசித்திருப்பார்கள். எனக்கே அது சரியாகத் தெரியவில்லை.

"அண்ணே, பர்மாவுக்கு அஞ்சு கம்மி," என்றேன்.

ரஹீம் பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஏன்மா?"

"குள்ளம்தான். அதனாலதான் பந்தை மேல விட மாட்டாங்க. தரையிலயே வெச்சுக்குவாங்க. மூணு பேர் கிட்டக் கிட்ட நின்னு இவன் அவனுக்கு, அவன் இவனுக்குன்னு குடுத்துக்கினே போவாங்க. நம்ம ஆளு பந்து பின்னாடி ஓடி ஓடிக் களைச்சிடுவான். அப்புறம்தான் கோலு அடிப்பாங்க."

ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை.

"அங்க சின்லோன்னு ஒரு ஆட்டம். பிரம்புல பின்னின பந்து. வட்டமா நின்னு காலாலயே தட்டிக்கினு இருக்கணும், கீழ விழக்கூடாது. நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து ஆடுவாங்க. அதனால பந்து அவங்க கால்ல ஒட்டிக்கும். மழை வந்தா இன்னும் நல்லா ஆடுவாங்க. ரங்கூன்ல பாதி வருஷம் மழைதானே."

"நீங்க பாத்திருக்கீங்களாக்கா?" என்று கேட்டான் கன்னியப்பன். அவன் குரலில் கேலி இல்லை.

"நெறைய பாத்திருக்கேன். கொரியாவையும் பாத்திருக்கேன்."

ரஹீம் பாய் கடைக்குள்ளிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துத் தட்டிப் போட்டார். "உக்காருமா. கொரியா எப்படி, சொல்லு."

கன்னியப்பன் அஞ்சை அழித்துவிட்டு எட்டு எழுதினான். என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டவில்லை. அதையும் அழித்து ஒன்பது எழுதினான்.

அந்த ஊருக்கு வந்து ஆறு வருடத்தில் நான் சொல்லி ஒருவர் எதையாவது மாற்றியது அதுதான் முதல் தடவை.

மூன்று வாரம்

அடுத்த மூன்று வாரமும் மாலையானால் கன்னியப்பன் வாசலில் வந்து, "அக்கா, பேப்பர் வந்துகீது" என்று கூப்பிடுவான். நான் போவேன். ரப்பர் சொல்யூஷன் வாசனையில் உட்கார்ந்து டீம் டீமாக அலசுவோம்.

கொரியாவை முதல் பத்து நிமிஷமும் கடைசிப் பத்து நிமிஷமும் தாங்கிவிட்டால் போதும் என்று சொன்னேன். இந்தோனேசியா கண்ணுக்கு அழகாக ஆடும், ஆனால் கோபம் வந்தால் ஆட்டம் குலைந்துவிடும் என்றேன். ஜப்பானை நான் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டேன். இரானைப் பற்றி ரஹீம் பாய்க்கு ஒரு மரியாதை இருந்தது. "அவனுங்க உடம்பு வேற உடம்பு. கோதுமையும் கறியும் துன்னு வளந்தது" என்பார்.

இந்தியாவைப் பற்றி அதிகமாக விசாரித்தது அவர்தான். மதராசுக்குப் போய்ப் பல ஆட்டம் பார்த்தவர். "பின்னாடி நிக்கிறவன்லாம் கல்லு மாதிரி நிக்கிறான்மா. முன்னாடி போய் அடிக்கத்தான் ஆளு இல்ல. ஜகார்த்தாவுல தங்கம் வாங்கின பேரை வெச்சிக்கினே இத்தினி நாள் ஓட்டிட்டானுங்க." அதைச் சொல்லிவிட்டு, கன்னியப்பன் இந்தியாவுக்குப் போட்ட ஏழு மார்க்கைப் பார்த்துவிட்டு டியூபை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அழிக்கச் சொல்லவும் மனம் வராது.

நான் சந்தோஷமாக இருந்தேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பேச்சு இருந்தது. ஆனால் ஸ்டூலிலிருந்து எழுந்து தெருவைத் தாண்டி வீட்டுக்குள் வரும்போது முன்னைவிட வீடு அமைதியாக இருந்தது. அவர்களுக்கு வேண்டியது ரங்கூனில் நான் பார்த்த ஆட்டங்கள். எனக்கு வேண்டியதை அவர்களிடம் கேட்க முடியவில்லை. பேப்பர் கைக்கு வந்ததும் நான் எதைத் தேடினேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒருநாள் கன்னியப்பன் சாதாரணமாகக் கேட்டான். "இந்தியாவும் பர்மாவும் மோதினா நீங்க யார் பக்கம்க்கா?"

நான் பேப்பரை மடிக்க ஆரம்பித்தேன். ரஹீம் பாய், "உடுபா, என்னாத்துக்கு அதெல்லாம் கேட்டுக்கினு" என்று பேச்சை மாற்றினார். ஆனால் அவரும் பதிலுக்குக் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

பர்மா டீமின் பெயர்ப் பட்டியல் இங்கிலீஷ் பேப்பரில் வந்தது. கன்னியப்பன் எங்கிருந்தோ வாங்கிவந்தான். அவனுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ரங்கூன் பள்ளிக்கூடத்தில் கற்றதை வைத்து நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எல்லாம் மாங் என்றும் டின் என்றும் ஹ்லா என்றும் வருகிற பெயர்கள். பர்மாவில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரும் சேராது. புதுப் பெயர் வைத்துக்கொண்டவனுக்கும் அங்கேயே பிறந்து வளர்ந்த பர்மியனுக்கும் எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. அந்தப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் என் அண்ணனாக இருக்கலாம். ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம்.

நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கத் தொடங்கியபோது, "போதும்க்கா, பேரை வெச்சி நாம என்னா பண்ணப் போறோம்" என்றான் கன்னியப்பன்.

வீட்டுக்கார அம்மா சொன்னது

நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி முன்கட்டில் இருந்தாள். நல்ல மனுஷிதான். வாடகை தாமதமானால் முகம் சுளிக்க மாட்டாள். ஆனால் கல்யாணம் ஆகாத பெண் சைக்கிள் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆம்பிளைகளோடு பந்தாட்டம் பேசுவது அவளுக்குப் புரியவில்லை. காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாடகை மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பியதும் வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டாள்.

"உங்க பொண்ணு என்னா பேசுதுன்னு யாருக்கும் தெரியல. எல்லாம் பர்மா பர்மான்னுதான் காதுல வுழுது. நாலு பேர் நாலு விதமா பேசறதுக்கு முன்னாடி நீங்களே கேட்டுக்கங்க."

அப்பா உள்ளே வந்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். கேட்கப் போகிறார் என்று நின்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கால் கழுவப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கேட்காததால் நானும் நிறுத்தவில்லை.

அந்தச் சாயங்காலம்

கடைசியில் மோதத்தான் செய்தார்கள். அரையிறுதி ஆட்டம், இந்தியாவும் பர்மாவும்.

ரஹீம் பாய் ரேடியோவை மேஜைமேல் தூக்கி வைத்து, அதன் ஏரியல் கம்பியைச் சைக்கிள் ரிம் ஒன்றில் கட்டியிருந்தார். கடைக்குள்ளும் வாசலிலுமாகப் பதினைந்து பேர் இருந்தார்கள். என் ஸ்டூலை உள்ளே, ரேடியோவுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். வர்ணனை இங்கிலீஷில் வந்தது, அலை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டு. பாதி இரைச்சல். நான் கேட்டுக் கேட்டுச் சொல்லவேண்டியிருந்தது.

"பர்மாகிட்ட பந்து. இடது பக்கம். நம்ம ஆளு தடுத்துட்டான். மறுபடி பர்மா."

இடது பக்கம் என்று வர்ணனையாளர் சொல்லும்போதெல்லாம் நான் ரேடியோவை நோக்கிக் குனிந்தேன். பெயர் கேட்கும். அது யாருடைய பெயர் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கால் எப்படி ஓடுகிறது என்று ஒரே ஒரு நொடி பார்த்தால் சொல்லிவிடுவேன். ரேடியோவில் கால் தெரிவதில்லை.

பர்மா முதல் கோல் போட்டபோது பெரிய இரைச்சல் வந்தது. "யாரு போட்டது?" என்று கன்னியப்பன் கேட்டான்.

"பர்மா."

அதைச் சொன்னபோது என் குரல் எப்படி இருந்ததோ, தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அதே சமயம் எதிரே ரஹீம் பாய் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றதும் தெரிந்தது. அவருக்காகவும் வருத்தமாக இருந்தது. பதினைந்து பேரும் ஒரு பக்கம் இருந்தார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது கோலுக்குப் பிறகு யாரும் யார் போட்டது என்று கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கன்னியப்பன் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். அன்று அவன் கை மயில் கழுத்து நிறத்தில் இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே ஆடினாங்கக்கா," என்றான். கோபமில்லை. ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னான். பிறகு ஈரத்துணியை எடுத்துப் பலகையின் கீழ்ப் பாதியை மேலிருந்து கீழாகத் துடைத்தான்.

அப்பா கேட்டது

நான் வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றுகிற நேரம். அப்பா அன்று சீக்கிரமே வந்திருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி கோலு?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆறு வருடத்தில் அவர் பந்தைப் பற்றிப் பேசியதே கிடையாது.

"ரெண்டுப்பா. பர்மா ஜெயிச்சிடுச்சி."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அவன் பேர் வந்துச்சா?" என்று கேட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "எந்தப் பேர்ல ஆடறான்னு தெரியலப்பா. பேர் மாத்திக்குவேன்னு சொன்னான்." சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. இனி மறைத்து ஆவதில்லை. "கப்பல் ஏறறதுக்கு முந்தின நாளே சொல்லிட்டான்ப்பா. வரமாட்டேன்னு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னான். நான் சொல்லல."

"தெரியும்," என்றார் அப்பா.

"எப்படித் தெரியும்?"

"கப்பல் கெளம்பும்போது கரையில அவ்ளோ ஜனம். நான் அவனைத் தேடினு இருந்தேன். நீ தேடல."

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். ஆறு வருடம் அந்த இரண்டு அறையில், நான் ஒன்றை மறைத்துக்கொண்டும், மறைப்பது தெரியும் என்பதை அவர் மறைத்துக்கொண்டும், எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். நான் அழுதேன். அவர் எழுந்து வந்து தலையைத் தொடவெல்லாம் இல்லை. அவர் வழக்கம் அது இல்லை. அழுது முடிகிற வரைக்கும் காத்திருந்தார்.

"காயிதம் எழுது," என்றார் பிறகு.

"எங்கப்பா எழுதறது? அட்ரஸ் இல்லையே."

அப்பா சொன்னார். மோல்மேன் என்று ஊர் பெயர், தெருப் பெயர், கதவு எண், மரக்கிடங்குக்குப் பின்னால் என்ற அடையாளம் வரைக்கும் ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னார். தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்த அந்தக் கடிதத்தின் பின்பக்க விலாசத்தை அவர் பார்த்தது அரை நிமிஷம்கூட இருக்காது.

பதில் வந்தது

கடிதம் போட்டோம். பதில் வர எட்டு மாதம் ஆயிற்று.

அந்த எட்டு மாதத்தில் சைக்கிள் கடையில் பேச்சு மாறிவிட்டது. பர்மாவும் கொரியாவும் முதல் பரிசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், இந்தியா மூன்றாவதாக வந்தது. ஒரு வாரம் அதைப் பேசினார்கள். அப்புறம் தேர்தல் வந்தது. பலகை முழுக்க வாடகைச் சைக்கிள் பெயர்கள். கன்னியப்பன் வாசலில் வந்து கூப்பிடவில்லை. கூப்பிட அவனுக்குக் காரணம் இல்லை. ரஹீம் பாய் மட்டும் எப்போதாவது என்னைப் பார்த்தால் ஸ்பேனர் பிடித்த கையை லேசாக உயர்த்துவார். நானும் தலையசைப்பேன். நான் தெருவைத் தாண்டவில்லை.

கடிதம் ஒரு ஆடி மாதத்து வெயிலில் வந்தது. உறையின் பின்பக்கம் அனுப்பியவர் விலாசம் பர்மிய எழுத்தில் இருந்தது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, அது அண்ணியின் கையெழுத்து என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே தமிழ். அண்ணன் தமிழை மறந்துகொண்டிருந்தான் என்று எழுத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கொம்பு போடவேண்டிய இடத்தில் காலும், காலுக்குப் பதில் கொம்பும் போட்டிருந்தான்.

அப்பா, "படி" என்றார்.

அவன் பர்மா டீமில் ஆடவே இல்லை. நாங்கள் கிளம்பிய மறு வருடமே ஒரு ஆட்டத்தில் இடது முட்டி போய்விட்டது. மோல்மேனில் மரக்கிடங்கில் கணக்கு எழுதுகிறான். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மழைக்காலத்தில் முட்டி வலிக்கிறது, படி ஏற முடியவில்லை. நான் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்த நாளிலும், ரேடியோவை நோக்கிக் குனிந்த நாளிலும் அவன் அங்கே எங்கேயும் இல்லை.

கடைசியில் இப்படி எழுதியிருந்தான். பாங்காக் ஆட்டத்தை டீக்கடை ரேடியோவில் கேட்டேன். கடையில் எல்லாரும் குதித்தார்கள். என்னால் குதிக்க முடியவில்லை. இந்தியா தோற்றதும் எனக்கு உன் ஞாபகமும் அப்பா ஞாபகமும் வந்துவிட்டது. ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார்கள். முட்டி வலி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டிலும் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

அப்பா அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். என் பங்குக்கு நாலு பக்கம் எழுதினேன். தெருவைத் தாண்டியது, ஸ்டூல், ஒன்பது மார்க்கு, எல்லாவற்றையும். முடித்துவிட்டு, "நீங்க எதாவது சொல்லுங்கப்பா, எழுதறேன்" என்றேன்.

"நான் என்னா சொல்றது."

காகிதத்தை மடிக்கப் போனேன்.

"இரு," என்றார். "நல்லெண்ணெயை சூடு பண்ணி முட்டியில தடவச் சொல்லு. காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி. ஈரத்துல நிக்க வேணாம்னு சொல்லு."

எழுதினேன். அப்பா சொன்னார் என்று சேர்த்து எழுதினேன்.